கிழங்கை எடை போட்ட பிறகு

அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. குமரி மாவட்டத்தில் குலசேகரத்துக்கு மேலே, மலையடிவாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கும் மேல் வெட்டினார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் விடியுமுன் மூன்று மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார். முந்நூறுக்கு மேல் மரங்கள், எல்லாம் சரிவில். ஒரு சுற்று வெட்டி முடித்து, மறுசுற்று வந்து சிரட்டைகளில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றிச் சுமந்துபோய், ஆசிட் விட்டு உறைய வைத்துவிட்டு வீடு திரும்ப மணி பத்தாகும். அதுவரை வயிற்றில் ஒரு கட்டன் சாயாதான். அம்மா அவித்த மரச்சீனிக் (மரவள்ளி) கிழங்கைப் பெரிய தட்டில் குவித்து, மேலே சாளை (மத்தி மீன்) கறியை ஊற்றி வைப்பார். அப்பா பேசாமல் சாப்பிடுவார். அந்தத் தட்டைப் பார்த்து வளர்ந்தவள் நான்.

58 வயதில் அப்பாவின் முட்டி ஒத்துழைக்க மறுத்தது. தோட்ட வேலையை விட்டார். ஒன்றரை வருஷம் கழித்து, காலில் ஆறாத ஒரு புண்ணுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனபோது சர்க்கரை இருப்பது தெரிந்தது. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாத சராசரியைக் காட்டும் பரிசோதனையில் (HbA1c) 8.9 சதவீதம். அப்போது நான் வெளியூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஊட்டச்சத்தும் உணவுமுறையும் பிரிவில் இரண்டாம் ஆண்டு. எங்கள் வளைவிலேயே இதைப் படிக்கப் போன முதல் ஆள் நான்தான் என்பதால், மருந்துச் சீட்டோடு வீட்டுக்கு வந்த அப்பா என் முகத்தைத்தான் பார்த்தார்.

அந்த ஓணம் லீவில் நான் செய்தது தவறு. ஒரு நோட்டில் கோடு போட்டு, ‘கிழங்கு கூடாது, சோறு கூடாது, ஏத்தன் பழம் கூடாது, காலையில் ஓட்ஸ், ராத்திரி சப்பாத்தி’ என்று எழுதி அடுக்களைச் சுவரில் ஒட்டினேன். அம்மா அதை வாசித்துவிட்டு, “மக்ளே, ஒன்னைப் படிக்க வச்சதே இந்தக் கிழங்குதான், கேட்டியா?” என்றார். அதில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது. பாட்டி தன் சின்ன வயதைச் சொன்னார். யுத்த காலத்தில் பர்மா அரிசி நின்றுபோனபோது, அன்றைய திருவிதாங்கூர் முழுக்க வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கை வைத்துத்தான். 1880-களில் விசாகம் திருநாள் மகாராஜா ஊக்கம் கொடுத்துப் பரப்பிய பயிர் அது. மூன்று தலைமுறையைப் பசியிலிருந்து காப்பாற்றிய ஒன்றை ‘கூடாது’ என்று எழுதி ஒட்டியிருந்தேன்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் ஓட்ஸ் சாப்பிட்டார். பத்து மணிக்கு முக்கில் இருக்கும் சாயாக்கடைக்குப் போய்க் கிழங்கும் மீன் கறியும் சாப்பிட்டார். அடுத்த பரிசோதனையில் 9.2. இதை நான் தெரிந்துகொண்டது வெகுநாள் கழித்துத்தான்.

இந்தப் படிப்பை நான் தேர்ந்தெடுத்தது அப்பாவுக்காக அல்ல. பள்ளியில் 800 மீட்டர் ஓடுவேன். பத்தாம் வகுப்பில், நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கில் நடந்த ஒரு போட்டியில் இரண்டாவது சுற்றின் பாதியிலேயே கண் இருண்டு உட்கார்ந்துவிட்டேன். பயிற்சி போதாது என்றார்கள். அடுத்த மாதம் கூடுதலாக ஓடினேன், இன்னும் மோசமானது. கடைசியில் ஓர் அரசு மருத்துவர்தான் ரத்தத்தைப் பார்க்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 9.8. குறைந்தது 12 இருக்க வேண்டிய இடத்தில். ஆக்ஸிஜனைச் சுமக்கும் வண்டிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று இல்லாமல் நான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டு நாலு மாதத்தில் என் நேரம் குறைந்தது. உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழி. முதல் செமஸ்டரில் உயிர்வேதியியல் வகுப்பில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கால் மணி நேரம்தான் புரியும். என்னைப் போல வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்யாதீர்கள், அது எந்த வேலையைச் செய்கிறது என்று தமிழில் ஒரு வரி எழுதி வையுங்கள். ‘மெட்டபாலிசம்’ என்பதற்கு வளர்சிதை மாற்றம் என்று நம் பள்ளிப் புத்தகத்திலேயே இருக்கிறது. வளர்வதும் சிதைவதும் ஒரே நேரத்தில் நடக்கிறது என்பதை அந்த ஒரு சொல்லே சொல்லிவிடுகிறது, ஆங்கிலத்தில் படித்த என் தோழிகளுக்கு அது விளங்க ஒரு வாரம் ஆனது. பதினோராம் வகுப்பு உயிரியலையும் வேதியியலையும் கையில் வைத்துக்கொண்டு முதல் ஆண்டைப் படித்தேன். அதுதான் கரை சேர்த்தது. வேதியியலைப் பயந்து விட்டுவிட்டு இந்தப் படிப்புக்கு வந்தால் முதல் ஆண்டு மிகவும் கஷ்டப்படுத்தும். சமையல் வகுப்பு என்று நினைத்து வருகிறவர்களும் உண்டு. சமையல் இதில் ஒரு சின்னப் பகுதிதான்.

என் நினைப்பையே மாற்றியது மூன்றாம் ஆண்டில் வந்த ஒரு செய்முறை வகுப்பு. முந்தைய 24 மணி நேரத்தில் ஒருவர் சாப்பிட்டது குடித்தது எல்லாவற்றையும் கேட்டு எழுதி, அதைச் சத்துக் கணக்காக மாற்ற வேண்டும். கேட்டு எழுதுவதில் என்ன இருக்கிறது என்று போனேன். விடுதிச் சமையலறையில் வேலை பார்த்த ஓர் அக்காவிடம் கேட்டேன். “என்னத்தச் சாப்பிட்டேன், கஞ்சிதான்” என்றார். எழுதிக்கொண்டு வந்து கூட்டினால் நாள் முழுவதற்கும் 900 கலோரி. பேராசிரியர் தாளைப் பார்த்துவிட்டு மூன்று கேள்விதான் கேட்டார். கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டது என்ன? சமைக்கும்போது ருசி பார்த்தது எவ்வளவு? குழம்பில் அரைத்துவிட்ட தேங்காய் எங்கே?

துருவிய தேங்காய் 100 கிராமில் ஏறக்குறைய 350 கலோரி. நம் மாவட்டத்தில் அவியலும் துவரனும் தீயலும் மீன் கறியும் தேங்காய் இல்லாமல் இல்லை. அதை எழுதாமல் விட்டால் கணக்கு முழுதும் பொய்.

அன்றிலிருந்து கேட்கும் முறையை மாற்றிக்கொண்டேன். ‘காலை, மதியம், இரவு என்ன சாப்பிட்டீர்கள்’ என்று கேட்பதில்லை. வேலையைப் பிடித்துக்கொண்டு கேட்கிறேன். எத்தனை மணிக்கு எழுந்தீங்க, முதல்ல என்ன வேலை, அதுக்கு முன்னாடி என்ன குடிச்சீங்க, அடுத்து எங்க போனீங்க. பால் வெட்டப் போகிறவருக்கும் நடுராத்திரியில் கடலுக்குப் போகிறவருக்கும் ‘காலை உணவு’ என்ற சொல்லே பொருந்தாது. அவர்கள் நாள் வேறு மணியில் தொடங்குகிறது. இன்னொன்று, கேட்கப்போகும் ஊரின் கரண்டி, தம்ளர், தட்டு ஆகியவற்றை முதலில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டுக் கஞ்சிக் கரண்டி 180 மில்லி பிடிக்கும், பல்கலைக்கழகத்தில் எங்களுக்குக் கொடுத்த மாதிரிக் கரண்டி 100. ‘மூணு கரண்டி’ என்று ஒருவர் சொன்னால் அது எந்தக் கரண்டி என்று தெரியாமல் எழுதும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

அந்த விடுமுறையில் ஒரு சமையலறைத் தராசு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் கிழித்தேன். அப்பாவிடம், “ஒண்ணும் மாத்தாண்டாம், மூணு நாளைக்கு என்ன சாப்பிடுறீங்களோ அதை நான் எடை போட்டுக்கிடுறேன்” என்றேன். அப்போதுதான் சாயாக்கடைக் கதையைச் சொன்னார்.

தோல் நீக்கிய பச்சைக் கிழங்கு, அப்பா பங்கு மட்டும், 600 கிராம் இருந்தது. 100 கிராமுக்குச் சுமார் 160 கலோரி, புரதம் ஒன்றரை கிராமுக்கும் குறைவு. ஆக ஒரே தட்டில் 960 கலோரி, எட்டு கிராம் புரதம். கூடவே இரண்டு சாளை. மதியம் சம்பா அரிசிச் சோறு, சாம்பார், ஒரு துவரன், பப்படம். ராத்திரி கஞ்சியும் துவையலும். மூன்று நாள் சராசரியில் புரதம் 38 கிராம்தான் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். அப்பா 68 கிலோ, அவருக்கு 56 கிராம் வேண்டும். இத்தனை நாளாக மாவுச்சத்து மட்டுமே என் கண்ணில் பட்டது, புரதம் குறைவாக இருந்ததை நான் பார்க்கவே இல்லை. முட்டியைத் தாங்கும் தொடைத் தசை அவருக்கு மெலிந்துகொண்டே வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்தச் சத்துக் கணக்கெல்லாம் எடுத்தது ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையையும் மற்ற அட்டவணைகளையும் பார்த்து. அந்த 2017 அட்டவணையில் 528 இந்திய உணவுகளின் சத்து விவரம் இருக்கிறது. அந்த நிறுவனம் 1918-இல் நம் குன்னூரில், பெரிபெரி நோயை ஆராய ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகப் பிறந்தது, 1958-இல்தான் ஹைதராபாத்துக்குப் போனது. அட்டவணைக்கு அட்டவணை எண் மாறும் என்பதையும் படிக்க வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மண், ரகம், ஈரம், பச்சையா வெந்ததா என்பதைப் பொறுத்து ஒரே கிழங்குக்குப் பெரிய வித்தியாசம் வரும். பச்சையை எடை போட்டுவிட்டு வெந்ததன் எண்ணால் பெருக்குவது எங்கள் வகுப்பில் அத்தனை பேரும் செய்த தவறு.

கிழங்கைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அம்மா கிழங்கை நிறையத் தண்ணீரில் கொதிக்க வைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார். பாட்டி அதையே இரண்டு முறை செய்வார். கிழங்கில் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது, அது சிதைந்தால் சயனைடு வரும், வெட்டிக் கொதிக்க வைத்து வடிப்பதால் பெரும்பகுதி போய்விடும் என்பதை நான் படித்தேன். மிச்சமாக உள்ளே போகும் கொஞ்சத்தை உடம்பு செயலிழக்கச் செய்ய கந்தகம் வேண்டும். அது புரதத்தில் உள்ள சில அமினோ அமிலங்களிலிருந்து வருகிறது. மீனில் அது நிறைய இருக்கிறது. கிழங்குக்கு மீன் என்பது ருசிக்காக மட்டும் சேர்ந்த ஜோடி அல்ல. இதை நான் விளக்கியபோது அம்மா, “அப்போ எங்களுக்கு நேரத்தே தெரிஞ்சதத்தான் ஒனக்குப் படிச்சுத் தந்திருக்காவ” என்றார். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து அடுக்களையில் நான் சொல்வதை அம்மா கேட்கத் தொடங்கினார், நானும் அவர் சொல்வதைக் கேட்கத் தொடங்கினேன்.

சரி, அப்பாவுக்கு என்ன ஆனது? முப்பது வருஷம் அதே கிழங்கைத் தின்றவருக்கு ஏன் திடீரென்று சர்க்கரை? இதற்கு விடை உடற்பயிற்சி உடலியங்கியல் வகுப்பில் கிடைத்தது. ஜெரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1953-இல் வெளியிட்ட ஆய்வு. லண்டனின் மாடி பஸ்களில் ஒரே சூழலில், ஒரே வகைக் குடும்பங்களிலிருந்து வந்த இரண்டு வகைத் தொழிலாளர்கள். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க மாடிப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறார். மாரடைப்பு ஓட்டுநர்களிடம்தான் அதிகம். பேராசிரியர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நான் சரிவில் ஏறி இறங்கும் அப்பாவை நினைத்தேன். அவர் முப்பது வருஷம் நடத்துநர், ஒரே மாதத்தில் ஓட்டுநர் ஆகிவிட்டார். தட்டு மட்டும் நடத்துநருடையதாகவே இருந்தது.

தசை வேலை செய்யும்போது, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இன்சுலின் உதவி இல்லாமலேயே ஓரளவு உள்ளே இழுத்துக்கொள்ளும். குளுட்-4 என்ற புரதம் தசைச் செல்லின் மேற்பரப்புக்கு வந்து வழி திறந்துவிடும். அப்பாவின் தொடைகள் தினமும் ஐந்தாறு மணி நேரம் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தன. அது நின்றதும், வந்த சர்க்கரைக்குப் போக இடமில்லை.

தட்டை மாற்றினோம், கிழங்கை நிறுத்தவில்லை. பச்சையில் 200 கிராம், வாரத்தில் மூன்று நாள். சாளையோ அயலையோ நெத்திலியோ, எது மலிவோ அது, 150 கிராம். அதிலேயே 30 கிராம் அளவு புரதம் வந்துவிடும். கஞ்சிக்குத் துவையலோடு ஒரு கரண்டி சிறுபயறு. பொரிப்பதைக் குறைத்து அவியல் வைத்த மீன். சாயாவில் சீனி இல்லை. வீட்டைச் சுற்றி நின்ற முருங்கையும் பப்பாளியும் மறுபடி தட்டுக்கு வந்தன. கருப்பட்டி ஆபத்தில்லை என்று ஊரில் பலர் சொல்வார்கள், அது சரியில்லை. கருப்பட்டியும் சர்க்கரைதான், அக்கானியும் (பதநீர்) அப்படியே. அதை அப்பாவிடம் மென்மையாகச் சொல்ல எனக்கு ஒரு வாரம் பிடித்தது.

நடையைப் பொறுத்தவரை, முட்டி தேய்ந்தவர் நடக்கவே கூடாது என்று சுற்றி எல்லோரும் சொன்னார்கள். எலும்பு மருத்துவரிடமும் பிசியோதெரபிஸ்ட்டிடமும் கேட்டோம். தொடைத் தசையைப் பலப்படுத்தினால் முட்டி வலி குறையும் என்றார்கள், என் பாடத்திலும் அதுவே. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் சமதளத்தில் 15 நிமிஷ நடை. வாரத்தில் மூன்று நாள், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சி. சில சர்க்கரை மருந்துகள் சாப்பிடுகிறவர்களுக்கு நடையால் சர்க்கரை மிகவும் இறங்கிவிடக்கூடும். ஆகவே மருத்துவரிடம் சொல்லாமல் ஆரம்பிக்கக் கூடாது, நாங்கள் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தோம். மருந்தை ஒருநாளும் நிறுத்தவில்லை. எட்டு மாதத்தில் மூன்று மாத சராசரி 7.1-க்கு வந்தது.

முதுகலையில் விளையாட்டு ஊட்டச்சத்தும் உடற்பயிற்சி உடலியங்கியலும் சேர்ந்து வந்தன. ஆய்வுக்கூடம் எனக்குக் கற்றுத் தந்தது பொறுமை. குவீன்ஸ் கல்லூரிப் படியேற்றச் சோதனை என்று ஒன்று. 41.3 சென்டிமீட்டர் உயரப் படியில், பெண்கள் நிமிஷத்துக்கு 22 முறை வீதம் மூன்று நிமிஷம் ஏறி இறங்க வேண்டும். நிறுத்திய ஐந்தாவது வினாடியிலிருந்து 15 வினாடி நாடியை எண்ண வேண்டும். எனக்கு 40 துடிப்பு, நிமிஷத்துக்கு 160. சூத்திரத்தில் போட்டால் உடல் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்ஸிஜன், கிலோவுக்கு நிமிஷத்துக்கு 36 மில்லி. எண்ணுகிறவர் இரண்டு துடிப்பை விட்டால் விடை ஒன்றரை மில்லி மாறிவிடும். அடுத்த மாதம் ‘முன்னேற்றம்’ என்று எழுதுவது உண்மையில் முன்னேற்றமா, எண்ணிக்கைப் பிழையா? உடல் கொழுப்பைக் கணிக்கத் தோல்மடிப்பு அளக்கும் காலிப்பரும் அப்படித்தான். தோள் முனைக்கும் முழங்கை முனைக்கும் நடுப்புள்ளியைக் குறிக்காமல் கண்ணால் பார்த்துப் பிடித்தால் ஒரே ஆளிடம் மூன்று எண் வரும். ஒரே இடத்தை மூன்று முறை அளந்து, ஒத்துப்போன பிறகே எழுதுங்கள். புள்ளியியல் பாடத்தைத் தள்ளிப்போடாதீர்கள். நான் தள்ளிப்போட்டேன், ஆய்வறிக்கை எழுதும் நேரத்தில் இரண்டு மாதம் அதற்கே போனது.

ஆய்வறிக்கைக்குக் கடற்கரைக்குப் போனேன். நம் மேற்குக் கடற்கரை ஊர்களில் பையன்கள் நடக்கப் பழகியதுமே பந்தை உதைப்பார்கள், சாயங்காலம் மணலில் இடம் கிடைக்காது. ஒரு கோடைப் பயிற்சி முகாமில் 14 முதல் 17 வயதுப் பிள்ளைகளை ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தேன். கடல் காற்று அடிக்கிறதே, வியர்வை அவ்வளவு இருக்காது என்றுதான் பயிற்சியாளரும் பிள்ளைகளும் நினைத்திருந்தார்கள். ஆனால் காற்றில் ஈரம் அதிகமானால் வியர்வை ஆவியாகாமல் வழிந்து போகும், உடல் குளிராது, அதனால் இன்னும் வியர்க்கும். 52 கிலோ இருந்த ஒரு பையன் 75 நிமிஷ ஆட்டத்துக்குப் பிறகு 50.9 கிலோ. இடையில் 300 மில்லி தண்ணீர் குடித்திருந்தான். ஆக இழந்தது 1.4 லிட்டர். எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் நீர் குறைந்தால் ஓட்டமும் கவனமும் தளரும். அவன் அதைத் தாண்டியிருந்தான்.

பாட்டிலில் வரும் கலர் பானம் வாங்க அங்கே யாரிடமும் காசில்லை, தேவையும் இல்லை. சோறு வடித்த கஞ்சித் தண்ணீரில் லிட்டருக்குக் கால் டீஸ்பூன் உப்பு. இளநீர் நல்லதுதான். ஆனால் அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு, வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம். அதனால் இளநீர் குடித்தாலும் உப்புள்ள ஏதாவது கூடச் சாப்பிட வேண்டும். எடை பார்ப்பது எப்படி என்று மூத்த பையன் ஒருவனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். நான் திரும்பி வந்த பிறகும் அவன் நோட்டுப் போட்டு எழுதிக்கொண்டிருந்தான்.

அந்த முகாமில் பெண் பிள்ளைகள் ஒன்பது பேர். அவர்களிடம் எனக்குப் பத்தாம் வகுப்பு நினைவு வந்தது. பரிசோதித்த ஏழு பேரில் ஐந்து பேருக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 கணக்குப்படி நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி, முடிந்ததும் கட்டன் சாயாவும் பன்னும். சாயாவில் இருக்கும் டானின் உணவிலுள்ள இரும்பை உடம்பு எடுத்துக்கொள்வதைக் குறைத்துவிடும். ஒரு மணி நேர இடைவெளி விட்டால் போதும். பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல மாத்திரையை வயிறு புரட்டுகிறது என்று பலர் தூர எறிந்திருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நெல்லிக்காயோடு விழுங்கச் சொன்னேன். மாதவிடாய் நின்றுபோயிருந்த ஒரு பிள்ளையை, அவள் அம்மாவிடம் பேசி, மருத்துவரிடம் அனுப்பினேன். குறைவாகச் சாப்பிட்டு அதிகமாகப் பயிற்சி செய்தால் உடம்பு முதலில் நிறுத்துபவற்றில் அதுவும் ஒன்று, பின்னால் எலும்பும் பலவீனமாகும். மாதவிடாய் நின்றதைப் ‘பயிற்சி நல்லா நடக்குது’ என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொண்ட ஒருவரை நான் சந்தித்தேன். பிள்ளைகளைப் பயிற்றுவிக்கும் யாரும் அப்படி நினைக்கவே கூடாது.

படித்து முடித்ததும் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஏழு மாதம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே உணவுப் பட்டியல், கூடவே புரதப் பவுடர் விற்றாக வேண்டும். பவுடரை நான் விஷம் என்று சொல்லமாட்டேன், நல்ல தரமானது பாலிலிருந்து எடுத்த புரதம்தான். ஆனால் ஒரு கரண்டியில் இருக்கும் 24 கிராம் புரதம் நாலு முட்டையிலோ 120 கிராம் சாளையிலோ இருக்கிறது என்பதை, கடன் வாங்கிப் பவுடர் வாங்க வந்த ஒரு கொத்தனார் பையனிடம் சொன்னேன். மாத முடிவில் என்னிடம் விளக்கம் கேட்டார்கள். வேலையை விட்டேன். இந்தத் துறைக்கு வருகிறவர்கள் இந்த இடத்தில் ஒருநாள் வந்து நிற்பீர்கள். அப்போது என்ன சொல்வது என்று முன்னமே யோசித்து வையுங்கள்.

எங்கே படிப்பது என்று மார்த்தாண்டத்திலிருந்தும் தக்கலையிலிருந்தும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நம் நாட்டில் உணவையும் உடற்பயிற்சியையும் ஒரே இளங்கலையில் சேர்த்துத் தரும் இடங்கள் குறைவு. ஒன்றில் இளங்கலை முடித்து மற்றதை முதுகலையில் சேர்ப்பதே நடைமுறை. ஹைதராபாத் தேசிய நிறுவனத்தில் விளையாட்டு ஊட்டச்சத்தில் முதுகலை இருக்கிறது. நமக்கு மிகப் பக்கத்தில், திருவனந்தபுரம் காரியவட்டத்தில் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரி. சென்னைக்கு வெளியே மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம். சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கி, ஆய்வுக்கூட நேரம் எவ்வளவு, ஆஸ்பத்திரிப் பயிற்சி எத்தனை மாதம் என்று பாருங்கள், விளம்பரத்தைப் பார்க்காதீர்கள். உணவியல் வல்லுநர் தொழில் 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதைத் தொடர்ந்து 2025 சேர்க்கையிலிருந்து உணவும் ஊட்டச்சத்தும் சார்ந்த படிப்புகளைத் தொலைதூர முறையில் நடத்தப் பல்கலைக்கழக மானியக் குழு தடை விதித்தது. மூன்று மாதச் சான்றிதழை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

இப்போது நான் ஊரிலேயே இருக்கிறேன், ஒரு சின்ன மருத்துவமனையில் வாரம் நாலு நாள். ஒரு நாள் கடற்கரைக்கு. ஞாயிறு சாயங்காலம் எங்கள் வீட்டு முற்றத்தில், பழைய பால்வெட்டுக்காரர்கள் நாலைந்து பேர் அப்பாவோடு நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். எல்லோருக்கும் முட்டி, பாதிப்பேருக்குச் சர்க்கரை. முப்பது வினாடியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவோம். 60 முதல் 64 வயது ஆண்களுக்கு 14-க்குக் கீழே என்றால் குறைவு என்பது அளவு. முதல்முறை அப்பாவால் எட்டுதான் முடிந்தது. போன ஞாயிறு நான் சாயா எடுக்க உள்ளே போயிருந்தேன். வெளியே இருந்து அப்பா கூப்பிட்டார்.

“மக்ளே, பதினாலு. நோட்டை எடுத்துட்டு வா.”